தனியார் பள்ளியின் ஆண்டறிக்கை: பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியில் ஆண்டறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஆண்டு விழா மேடையில் அறிக்கை வாசிக்கப்பட்ட மறுநாளே ஐயங்கள் வரத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எடுத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை அடுக்கி, கீழே விடை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது இது, பெரும்பகுதி சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் பொருந்தும்.

ஆண்டறிக்கை, ஆண்டு மலர் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு?

ஒன்றல்ல. ஆண்டறிக்கை என்பது ஆண்டு விழாவில் முதல்வர் வாசிக்கும் அறிக்கை. தேர்வு முடிவு, போட்டிகளில் பெற்ற இடங்கள், மன்றங்களின் பணி, புதிய கட்டடம் அல்லது ஆய்வகம், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஆகியவை அதில் இடம்பெறும். ஆண்டு மலர் மாணவர்களின் கதை, கவிதை, ஓவியம், வகுப்புப் படங்கள் ஆகியவற்றுக்கானது. மலரில் இடம் கிடைப்பது ஆசிரியர் குழுவின் விருப்பத்தைப் பொறுத்தது. அறிக்கையில் இடம் கிடைப்பது சான்றைப் பொறுத்தது. ஐயங்கள் பெரும்பாலும் அறிக்கையைப் பற்றியே வருவதால், இங்குள்ள விடைகளும் அதைப் பற்றியவையே.

போன வருஷம் படிச்சுட்டுப் போனவங்க மார்க்கை இந்த வருஷம் ஏன் படிக்கிறீங்க?

தமிழ்நாட்டில் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. பொதுத்தேர்வுகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்து, முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. ஆண்டு விழாவோ டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் நடந்துவிடுகிறது. ஆகவே விழா நாளில் கையில் இருக்கும் கடைசித் தேர்வு முடிவு, முந்தைய மே மாதத்தில் வெளியானதுதான்.

இதனால் அறிக்கையின் தேர்வுப் பகுதி பள்ளியை விட்டுச் சென்றவர்களைப் பற்றியும், விளையாட்டு, கலைப் பகுதிகள் அரங்கில் அமர்ந்திருப்பவர்களைப் பற்றியும் பேசுகின்றன. இரண்டையும் கலந்து ‘இந்த ஆண்டின் சாதனை’ என்று ஒரே பட்டியலாகக் கொடுத்தால் படிப்பவர் குழம்புவார். எந்தத் தேர்வு, எந்த மாதம் என்று தலைப்பிலேயே குறிப்பிடுவதே சரியான முறை.

எங்க காலத்துல ஸ்டேட் ஃபர்ஸ்ட் யாருன்னு பேப்பர்ல போட்டோவோட வரும். இப்ப ஏன் யாரும் சொல்றதில்ல?

பன்னிரண்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டு மே மாத முடிவுகளிலிருந்து நிறுத்திவிட்டது. மாணவர்களிடையே ஆரோக்கியமற்ற போட்டியையும் மன உளைச்சலையும் தவிர்ப்பதே நோக்கம் என்று அப்போது கூறப்பட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் இப்போது முதலிடப் பட்டியல் வெளியிடுவதில்லை. தேர்வுத் துறை இப்போது தருவது மாவட்டவாரியான தேர்ச்சி விழுக்காடு, பாடவாரியாக நூற்றுக்கு நூறு பெற்றோர் எண்ணிக்கை போன்ற தொகுப்பு விவரங்களைத்தான்.

எனவே, 600க்கு இத்தனை, 500க்கு இத்தனை என்று மதிப்பெண்ணைச் சொல்லலாம். பள்ளி அளவில் முதலிடம் என்றும் சொல்லலாம். ‘மாவட்டத்தில் இரண்டாமிடம்’ என்று ஒரு பள்ளி அச்சிட்டால், அது அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் மதிப்பெண்களைக் கேட்டறிந்து தானே போட்ட கணக்காகத்தான் இருக்கும். அதற்கு ஆதாரமாக எந்த அரசு ஆவணமும் கிடையாது.

நூறு சதவீதத் தேர்ச்சின்னா நல்ல பள்ளிக்கூடம்தானே சார்?

இருக்கலாம், அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்ய இயலாது. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினர் என்ற கணக்கு. தேர்வு எழுதும் வரை எத்தனை பேரைப் பள்ளி தன்னுடன் வைத்திருந்தது என்பது அதில் தெரியாது. ஒரு பேச்சுக்கு, ஒன்பதாம் வகுப்பில் 80 பேர் இருந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை 66 பேர் எழுதி, 66 பேரும் தேறினால் விழுக்காடு நூறுதான். மீதி 14 பேர் எங்கே என்பதுதான் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி. ஊர் மாறிச் சென்றிருக்கலாம். கட்டணம் கட்ட இயலாமல் விலகியிருக்கலாம். ‘இங்கே படித்தால் தேற மாட்டான், வேறு பள்ளி பாருங்கள்’ என்று அனுப்பப்பட்டிருக்கவும் கூடும்.

ஒன்பதாம் வகுப்பைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அதனால் வடிகட்டுவதற்கு ஒரு பள்ளிக்கு முதல் வாய்ப்பு ஒன்பதாம் வகுப்பிலும், அடுத்த வாய்ப்பு பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலும் கிடைக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும் முன், சென்ற மூன்று ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், அதற்கடுத்த ஆண்டு பத்தில் தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேளுங்கள். தயங்காமல் சொல்லும் பள்ளியின் நூறு விழுக்காட்டை நம்பலாம்.

என் கருத்தில், பின்தங்கியிருந்த பத்து மாணவர்களைக் கடைசி வரை வைத்திருந்து, அவர்களில் எட்டுப் பேரைத் தேற்றி, 97 விழுக்காடு பெற்ற பள்ளியின் உழைப்பு, வடிகட்டிப் பெற்ற நூறைவிடப் பெரியது. ஆண்டறிக்கையில் இதை எழுத ஒரு கட்டமும் இல்லை என்பது வருத்தம்தான்.

நீட் பாஸ் ஆனவங்க லிஸ்ட்ல ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சவங்க பேரும் இருக்கே, அது சரியா?

பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டைக் குறிப்பிட்டால் தவறில்லை, குறிப்பிடாவிட்டால் தவறு. பள்ளிப் படிப்பை முடித்து, ஓராண்டோ ஈராண்டோ பயிற்சி மையத்தில் தங்கிப் படித்து மருத்துவ இடம் பெற்றவர்கள் பலர். அவர்களை ‘முன்னாள் மாணவர்’ என்ற தனித் தலைப்பில் போடுவதே முறை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீட் தேர்வில் ‘தகுதி பெற்றார்’ என்பதும் ‘இடம் பெற்றார்’ என்பதும் வேறு வேறு. பொதுப் பிரிவினருக்கு 50ஆவது சதமானம், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40ஆவது சதமானம் என்பதுதான் தகுதி வரம்பு. சதமானம் என்பது மதிப்பெண் விழுக்காடு அல்ல, தேர்வெழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரைவிட ஒருவர் மேலே இருக்கிறார் என்ற கணக்கு. 720க்கு எடுக்கும் மதிப்பெண்ணில் அது மிகத் தாழ்வாகவே அமையும். தகுதி பெற்ற பலருக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பதில்லை. பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

குறுவட்டம், மாவட்டம், மாநிலம்னு போடுறீங்களே, அந்த வரிசையைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் விளையாட்டுப் போட்டிகள் குறுவட்ட அளவில் தொடங்குகின்றன. அருகருகே உள்ள அரசு, உதவி பெறும், தனியார் பள்ளிகள் சேர்ந்ததுதான் ஒரு குறுவட்டம். அங்கே வென்றவர்கள் வருவாய் மாவட்ட அளவுக்கும், அங்கே வென்றவர்கள் மாநில அளவுக்கும் செல்கின்றனர். தடகளம், குழு விளையாட்டுகள் என்று பிரித்து, குடியரசு தின விழா, பாரதியார் தின விழா என்ற பெயர்களில் இவை நடத்தப்படுகின்றன. வயதுப் பிரிவுகள் 14, 17, 19. மாநில அளவில் தேர்வு பெறுவோர் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டு அணியில் செல்கிறார்கள்.

இந்த வரிசை தெரிந்தால் அறிக்கையை வாசிப்பது எளிது. குறுவட்டத்தில் கோகோ அணி வென்றது என்றால், சுற்றியுள்ள பள்ளிகளை வென்றிருக்கிறது. மாநில அளவில் 400 மீட்டரில் ஆறாமிடம் என்றால் பதக்கம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு படிகளை வென்று கடந்து வந்திருக்கிறது. கோப்பைகளை மட்டும் எண்ணும் அறிக்கையில் இந்த ஆறாமிடம் விடுபட்டுப் போகும். நான் அதை முன்னால் எழுதுவேன்.

முதலமைச்சர் கோப்பையும் இதே வரிசையிலதான் வருமா?

வராது. அதை நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். பள்ளி மாணவர், கல்லூரி மாணவர், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர், பொதுமக்கள் என்ற பிரிவுகள் அதில் உண்டு. பள்ளிப் பிரிவுக்கு வயது 12 முதல் 19 வரை. மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவில் முடிகிறது. சான்றிதழில் நடத்திய அமைப்பின் பெயரும் அளவும் தெளிவாக இருக்கும். அவற்றை அப்படியே எடுத்து எழுத வேண்டும். ‘மாநில அளவிலான அழைப்புப் போட்டி’ என்று ஒரு தனியார் கழகம் நடத்துவது இந்த இரண்டிலும் சேராது. மாவட்டத் தேர்வு எதுவும் இல்லாமல் நேராகப் பெயர் கொடுத்து ஆடக்கூடிய போட்டி அது. அதைக் குறிப்பிடலாம், ஆனால் வேறு தலைப்பில்.

தனியார் பள்ளிப் பிள்ளைங்களுக்கு எந்த ஸ்காலர்ஷிப்பும் கிடையாதாமே?

இப்படிப் பொதுவாகச் சொல்வது சரியல்ல. சில திட்டங்கள் தனியார் சுயநிதிப் பள்ளி மாணவர்களுக்குக் கிடையாது என்பது உண்மை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு, அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது. மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு உரியது. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதில் சேர்வார்கள். 2022–23இல் தொடங்கிய கலைத் திருவிழாவும் அரசுப் பள்ளிகளை முன்னிட்டு ஏற்பட்டதுதான். இவற்றில் நம் பிள்ளைகளின் பெயர் இல்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. வாய்ப்பு குறைந்தவர்களுக்காக ஏற்பட்டவை அவை.

திறந்திருக்கும் கதவுகளைத்தான் பல பள்ளிகள் தட்டுவதில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வைத் தனியார், சி.பி.எஸ்.இ. மாணவர்களும் எழுதலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை ஒட்டியே வினாத்தாள் அமைகிறது. தேர்வு பெறும் 1,500 பேருக்கு மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டுகள் வழங்கப்படுகிறது. பாதி இடங்கள் அரசுப் பள்ளியினருக்கு, மீதி அனைவருக்கும். தமிழ் வளர்ச்சித் துறை பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்தி ரூ.10,000, ரூ.7,000, ரூ.5,000 என்று பரிசு தருகிறது. 1,330 குறளையும் ஒப்பிக்கும் மாணவருக்குத் திருக்குறள் முற்றோதல் பரிசு உண்டு. எங்கள் பகுதியில் பல தனியார் பள்ளிகள் இவற்றுக்கு ஒருவரையும் அனுப்புவதில்லை. கேட்டால் ‘போர்ஷன் முடிக்க வேண்டும்’ என்பதே பதில்.

என் பொண்ணு இன்டர்நேஷனல் ஒலிம்பியாடில் கோல்டு மெடல் வாங்கியிருக்கா. அதைப் போய் கடைசி வரியில போட்டிருக்கீங்களே?

பெற்றோரின் வருத்தம் புரிகிறது. ஆயினும் ‘ஒலிம்பியாட்’ என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு உலகங்கள் உள்ளன. பள்ளிகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பறையிலேயே நடத்தப்படும் தனியார் நிறுவனத் தேர்வுகள் ஒரு வகை. பாடத்தில் ஆர்வமூட்ட அவை பயன்படலாம். ஆனால் அவற்றில் தங்கப் பதக்கம் பெரும்பாலும் ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு வகுப்பிலும் முதலிடம் பெறுவோருக்குத் தரப்படுகிறது. ‘சர்வதேச’ என்ற சொல் நடத்தும் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. பிள்ளை போட்டியிட்டதோ பக்கத்து மேசையில் இருந்தவருடன்.

மற்றொன்று உண்மையான சர்வதேச ஒலிம்பியாட். கணிதத்தை எடுத்துக்கொண்டால், ஐ.ஓ.க்யூ.எம். என்ற தகுதித் தேர்வு, பிறகு மண்டல ஒலிம்பியாட், பிறகு இந்திய தேசிய கணித ஒலிம்பியாட், அதன் பின் பயிற்சி முகாம் என்று கடந்து, நாடு முழுவதிலுமிருந்து ஆறு பேர் மட்டுமே சர்வதேசப் போட்டிக்குச் செல்கிறார்கள். இதை மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஒருங்கிணைக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியலுக்கு முதல் கட்டத் தேர்வை இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்துகிறது. இந்த வழியில் மண்டல ஒலிம்பியாடுக்குத் தகுதி பெற்ற ஒரு மாணவரின் பெயர், பதக்கம் எதுவும் இல்லாவிட்டாலும், பட்டியலின் தலையில் வர வேண்டும் என்பதே என் நிலை. தங்கள் மகளின் பெயரை நீக்கவில்லை. இரண்டையும் ஒரே வரியில் வைக்க மட்டும் இயலாது.

அப்போ உலக சாதனைப் புத்தகத்துல வந்ததுக்கும் இதே கதைதானா? ஐந்நூறு பேர் சேர்ந்து சிலம்பம் சுத்தினாங்களே!

முந்தைய விடையின் அளவுகோலே இதற்கும்: நடத்தியது யார், போட்டியிட்டது யாருடன், பணம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது. பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, விழா நாளிலேயே சான்றிதழும் கேடயமும் தந்துவிட்டுப் போகும் ‘சாதனைப் புத்தகங்கள்’ ஏராளம். இதற்கு முன் யாரும் முயலாத ஒன்றை வகைப்படுத்தி, அதில் முதலாவதாக வருவது கடினமான செயல் அல்ல.

அதற்காக ஐந்நூறு பிள்ளைகள் மாதக்கணக்கில் சிலம்பம் பழகியது வீணாகிவிடாது. அந்தப் பயிற்சியைச் சமூக வாழ்வுப் பகுதியில் விரிவாக எழுதலாம்: யார் கற்றுக்கொடுத்தார், எத்தனை வகுப்புகள் பங்கேற்றன, பெண் பிள்ளைகள் எத்தனை பேர், விழாவுக்குப் பிறகும் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று. சான்றிதழைவிட அந்தக் கடைசி எண் முக்கியம்.

வெளியில கோச்சிங் போய் ஜெயிச்ச பிள்ளையை ஸ்கூல் தன் சாதனைன்னு பேனர் வைக்கலாமா?

பெருமைப்படலாம், உரிமை கொண்டாடுவதில் அளவு வேண்டும். செஸ் உலகச் சாம்பியனான குகேஷும், 12 வயதில் கிராண்ட்மாஸ்டரான பிரக்ஞானந்தாவும் சென்னையில் வேலம்மாள் குழுமப் பள்ளிகளில் பயின்றவர்கள் என்பது பலருக்கும் தெரியும். அவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துத் தீட்டியவர்கள் விஷ்ணு பிரசன்னா, ஆர்.பி. ரமேஷ் போன்ற பயிற்சியாளர்கள். ஊர் ஊராக அழைத்துச் சென்றவர்கள் பெற்றோர். இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தரக்கூடியது வேறு வகை உதவி: போட்டி நாள்களுக்கு வருகையில் விலக்கு, தவறிய தேர்வை மறுபடி எழுத வாய்ப்பு, கட்டணச் சலுகை, ஊக்கம். இவை சிறியவை அல்ல. வருகைப் பதிவைக் காரணம் காட்டி மாவட்டப் போட்டிக்கே அனுப்ப மறுக்கும் பள்ளிகள் இருக்கும் ஊரில், அனுப்பி வைப்பதே ஒரு பங்களிப்புதான்.

ஆகவே அறிக்கையில் பயிற்சியாளரின் பெயரையோ பயிற்சிக் கழகத்தின் பெயரையோ சேர்த்து எழுதுவதை வழக்கமாக்கலாம். பள்ளி மைதானத்தில், பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் பழகி வென்ற பிள்ளைக்கு அடையாளமாக ஒரு உடுக்குறி (*) போதும். அந்தக் குறிகளை எண்ணிப் பார்த்தால், ஒரு பள்ளி விளையாட்டுக்கு உண்மையில் என்ன செய்கிறது என்பது விளங்கிவிடும்.

இன்ஸ்பயர் விருது, குழந்தைகள் அறிவியல் மாநாடு – இதுல எது பெருசு?

பெரியது சிறியது என்று பார்க்க வேண்டாம். இரண்டும் கேட்பது வேறு வேறு. இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பள்ளி மாணவர்களின் புதிய எண்ணங்களை இணையவழி பதிவு செய்கிறது. தேர்வான எண்ணத்துக்கு மாதிரி செய்ய ரூ.10,000 மாணவரின் வங்கிக் கணக்கில் வரும். பிறகு மாவட்ட, மாநில, தேசியக் கண்காட்சிகள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வருகிறது. 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள், இருவர் கொண்ட குழுவாகத் தம் ஊரின் ஒரு சிக்கலை எடுத்து, அளந்து, ஆய்ந்து, கட்டுரையாக முன்வைக்க வேண்டும்.

கடையில் வாங்கிய பாகங்களைப் பொருத்திக் காட்சி வைப்பதைவிட, தெருக் குழாய்களில் ஒரு வாரத்தில் எத்தனை குடம் தண்ணீர் வீணாகிறது என்று இரு பிள்ளைகள் அளப்பதில் அறிவியல் அதிகம் என்பது என் எண்ணம்.

ஆர்.டி.இ.யில சேர்ந்த பிள்ளைக்கு ஆண்டு விழா டிரஸ்ஸுக்கும் நாங்கதான் பணம் கட்டணுமா?

கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவுற்ற பிரிவினருக்குத் தர வேண்டும்; அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. அந்தப் பிள்ளைகளை எந்த வகையிலும் வேறுபடுத்தி நடத்தக் கூடாது என்பதும் சட்டத்தின் கருத்து. நடனத்துக்கு வாடகை உடை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் கேட்டு, தர இயலாதவரை நடனத்திலிருந்து விலக்கினால், அது வேறுபாடு அன்றி வேறென்ன?

நடைமுறைத் தீர்வு எளியது. வாடகை உடை தேவைப்படும் நிகழ்ச்சிகளைக் குறைத்து, வீட்டில் உள்ள வேட்டி, பாவாடை, பள்ளிச் சீருடையிலேயே நடத்தக்கூடிய நாடகம், கும்மி, சேர்ந்திசை, வில்லுப்பாட்டு ஆகியவற்றைக் கூட்டலாம். இது ஆர்.டி.இ. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டித் திணறும் மற்றப் பெற்றோருக்கும் உதவும்.

எல்லாப் பிள்ளையையும் மேடையில ஏத்தணும்னு என்ன அவசியம்? நல்லா ஆடுறவங்க ஆடினா போதாதா?

எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை அனைவரும் மேடை ஏற வேண்டும் என்பதே சரி. அந்த வயதில் திறமையைப் பிரித்துப் பார்ப்பதற்கே இடமில்லை. மேல் வகுப்புகளில் விருப்பப்பட்டவர் ஏறலாம். ஆனால் மேடை ஒளி, ஒலி, வரவேற்பு, அறிவிப்பு, கோலம், வண்டி நிறுத்துமிடம் என்று பொறுப்புகளைப் பங்கிட்டு, அவற்றைச் செய்தவர்களின் பெயர்களையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிட வேண்டும். ஒரே பத்து மாணவர்கள் ஆறு நிகழ்ச்சிகளில் ஆடும் விழா, பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், பெற்றோருக்கு விரைவில் அலுத்துவிடும்.

முதியோர் இல்லத்துக்குப் போய் பழம் கொடுத்து போட்டோ எடுத்தா அது சமூக சேவையா?

ஒரு முறை சென்று, ஒரு மணி நேரம் இருந்து, படம் எடுத்துத் திரும்பினால் அதை ‘வருகை’ என்று எழுதலாம். சேவை என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. மேல்நிலை வகுப்புகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும் பள்ளிகளில், தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்த வேண்டும். அங்கேயே தங்கி, ஊர்க் கோயில் வளாகத்தையோ வாய்க்காலையோ துப்புரவு செய்து, மாலையில் ஊராருடன் உட்கார்ந்து பேசுகிற பிள்ளைகளுக்கு அந்த ஊரின் பெயர் வாழ்நாளுக்கும் நினைவிருக்கும். இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரண சாரணியர் இயக்கம், தேசிய மாணவர் படை ஆகியவற்றிலும் தொடர்ச்சி உண்டு. சாரணர் ஒருவர் பிரவேஷ் என்ற நுழைவு நிலையில் தொடங்கி, சோபான் எனப்படும் மூன்று படிகளைக் கடந்துதான் ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்குச் செல்ல முடியும். தேசிய மாணவர் படையின் ‘ஏ’ சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

மரம் நடுவதற்கும் இதே கணக்கு. எத்தனை கன்றுகள் நட்டோம் என்பதைச் சென்ற ஆண்டு அறிக்கையில் எழுதியிருந்தால், இந்த ஆண்டு அறிக்கையில் அவற்றில் எத்தனை பிழைத்தன என்று எழுத வேண்டும்.

கொடி நாள் கலெக்‌ஷன் கட்டாயமா?

கட்டாயமில்லை. டிசம்பர் 7 அன்று முப்படைக் குடும்பங்களின் நலனுக்காகத் திரட்டப்படும் கொடி நாள் நிதி விருப்ப நன்கொடை. வகுப்புக்கு இத்தனை ரூபாய் என்று இலக்கு வைப்பதும், அதிகம் தந்த வகுப்பை மேடையில் பாராட்டுவதும் அந்த விருப்பத்தைக் கெடுத்துவிடும்.

எங்க பிள்ளை போட்டோவைப் போட வேண்டாம்னு சொன்னா, சாதனைப் பட்டியல்லயே பேரை எடுத்துடுவீங்களா?

எடுக்கக் கூடாது. பெயர் வேறு, படம் வேறு. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவை வேண்டுகிறது. சேர்க்கைப் படிவத்தில் பத்தோடு பதினொன்றாக ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு, முகநூலிலும் சாலையோரப் பதாகையிலும் பிள்ளையின் படத்தைப் பயன்படுத்துவது முறையன்று. அச்சு அறிக்கை, பள்ளி இணையதளம், விளம்பரம் என்று மூன்றுக்கும் தனித்தனியே இசைவு கேட்பது நல்லது. மதிப்பெண்ணுடன் படத்தை விளம்பரத்தில் போடுவதை எந்த நிலையிலும் தவிர்க்கலாம். முதலிட அறிவிப்பை நிறுத்தியதற்கு மேலே சொன்ன காரணம் இதற்கும் பொருந்தும்.

பேர் தப்பா வந்திருச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்றாங்க. விட்டுடலாமா?

அறிக்கையில் மட்டும் தவறென்றால் திருத்த ஒட்டு போதும். சான்றிதழில் தவறென்றால் விட்டுவிடக் கூடாது. அரசுப் போட்டிகளுக்கான பதிவு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளம்) எண்ணுடன் இணைந்திருப்பதால், அங்கே உள்ள பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த நாளும்தான் சான்றிதழில் வரும். பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டுப் பிரிவுச் சான்றிதழ் சரிபார்ப்பில், பத்தாம் வகுப்புச் சான்றிதழிலுள்ள பெயருடன் பொருந்தாத விளையாட்டுச் சான்றிதழ் சிக்கலைத் தரும். ஆகவே ஆறாம் வகுப்பிலேயே எமிஸ் விவரத்தைப் பெற்றோர் ஒரு முறை சரிபார்த்துவிடுவது நல்லது.

எங்க பையன் எந்தப் போட்டியிலும் ஜெயிக்கல. அவன் பேர் இந்த அறிக்கையில எங்க சார் வரும்?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆயிரம் பிள்ளைகள் உள்ள பள்ளியில் நூறு பேரின் பெயர்தான் பட்டியலில் வரும். அந்த நூறிலும் பாதி ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருபவை. எஞ்சியவர்களை ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடுகிறோம். ஆறுதல் பரிசுகளை உற்பத்தி செய்வது இதற்குத் தீர்வல்ல; பிள்ளைகள் அந்தப் பொய்யை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையில் நடந்த, ஆனால் யாரும் பதிவு செய்யாத வேலையைப் பதிவு செய்வதே தீர்வு: ஆண்டு முழுவதும் நூலகப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவர், காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசித்தவர், கால் முறிந்த வகுப்புத் தோழனுக்கு ஒரு பருவம் முழுவதும் குறிப்பெழுதிக் கொடுத்தவர். வகுப்பாசிரியர்களிடம் நவம்பரிலேயே கேட்டால் பெயர்கள் கிடைக்கும். விழாவுக்கு முந்திய வாரம் கேட்டால் கிடைக்காது.

தோத்த போட்டிகளையும் எழுதலாமே? எல்லாம் ஜெயிச்ச மாதிரியே படிக்கிறீங்க.

எழுதலாம், எழுதவும் வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் எத்தனை பேர் சென்றனர், எந்த நிலை வரை முன்னேறினர் என்ற இரு கட்டங்களை அட்டவணையில் சேர்த்தால் போதும். அப்போது, இருபது பேர் சென்று இருவர் வென்ற போட்டிக்கும், இருவர் மட்டுமே சென்று இருவரும் பரிசு வாங்கிய போட்டிக்கும் உள்ள வேறுபாடு தெரியும். நிர்வாகங்கள் இதற்குத் தயங்குவது சேர்க்கைக் காலத்தை எண்ணித்தான்: அறிக்கையின் பிரதி மே மாதத்தில் புதிய பெற்றோரின் கைக்குப் போகிறது. அதைத் தவிர்க்க வேண்டுமென்றால், வாசிக்கும் அறிக்கை சுருக்கமாக இருக்கட்டும். முழு அட்டவணையைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைக்கலாம். கேட்பவர் எவரும் பார்க்கும்படி அலுவலகத்திலும் நூலகத்திலும் ஒவ்வொரு பிரதியை வைத்துவிட வேண்டும்.